நான்காம் பூட்டின் இரண்டாவது சாவி

பெரியவனின் கால்சட்டைப் பைக்குள் ஏழு சாவிகள் கோத்த வளையம் ஒன்று கிடந்தது. நடக்கும்போது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று, பழைய தலையணை உறையில் கிழித்த துணியால் அதைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். ஏழுமே இருக்கக் கூடாத சாவிகள்.

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் ஆலையில் அவன் ஃபோர்மேன். நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, டாக்டர்களின் பச்சை அங்கி, செத்தவனின் மேல் போர்த்திய துணி, பிறந்ததைச் சுற்றிய துணி எல்லாம் ஒரே மூட்டையில் வரும். ஆலையின் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். அழுக்குப் பக்கத்து ஆள் சுத்தப் பக்கம் போக வேண்டுமானால் மேலங்கியைக் கழற்றி, செருப்பு மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டு, வெளி வராந்தாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நேராகப் போவது துணி மட்டும்தான், சுவரைத் துளைத்துக்கொண்டு படுத்திருக்கும் இருபதடி இரும்பு உருளை வழியாக. அதன் வாய் இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம். உள்ளே வரிசையாக மூன்று அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை. ஆலையில் எல்லோரும் அதைக் குகை என்றுதான் சொல்வார்கள்.

வாரம் முழுக்கச் சுழன்றதில் குகையின் சுவர்த் துளைகளில் நூல் அடைத்துக்கொள்ளும். சனிக்கிழமை காலை ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே போகிறவன் முதலில் தன் சிவப்புப் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வான். பூட்டுத் தொங்கும்வரை சுவிட்சைத் தூக்க முடியாது. ஏழு ஆட்களுக்கு ஏழு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. சுரண்டி முடித்து, பூட்டை எடுத்த பிறகும் உடனே பட்டனில் கை வைக்கக் கூடாது. வாயருகே நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்து எண்ண வேண்டும். பதில் இல்லையென்றால்தான் பச்சைப் பட்டன். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவன் பெரியவன்தான்.

இரண்டாவது சாவிகளைச் செய்துவைத்தவனும் அவன்தான். காரணம் அவன் தம்பி.

சின்னவன் அதே ஆலையில் குகை சுரண்டுகிறவன். அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை பூட்டை மாட்டிவிட்டு, சுரண்டி முடித்து, பூட்டை எடுக்காமல் சாவியோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். குகை நான்கு மணி நேரம் பிணம் மாதிரிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் பேசிய பேச்சைப் பெரியவன் காது இன்னும் மறக்கவில்லை. மறுநாளே ஏழு பூட்டுக்கும் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது சாவி செய்துகொண்டான். நான்காம் எண் சின்னவனுடையது.

அண்ணன் தம்பி என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு வித்தியாசம். சின்னவனுக்குக் கவலை என்றால் என்னவென்றே தெரியாது. பெரியவனுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பெரியவனின் கவலைக்கு வயது முப்பத்தைந்து. பதினொரு வயதில் ஞாயிறு வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னார்: உலகம் உண்டாவதற்கு முன்பே யார் யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று கடவுள் தீர்மானித்துவிட்டார், அந்தப் பட்டியலில் சேர்க்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அப்பா, என் பேர் இருக்கா?" என்று கேட்டான். அப்பா, "இருந்தா இருக்கும், படுத்துத் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பையன் தூங்கவில்லை. அதற்குப் பிறகும் சரியாகத் தூங்கியதில்லை.

சபை, டயர்க் கடைக்கு மேலே வாடகை மண்டபத்தில் கூடும். பாட்டும் ரப்பர் வாசனையும் கலந்து வரும். பெரியவன் ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. மற்றவர்கள் அழுவார்கள், சிரிப்பார்கள், சாட்சி சொல்வார்கள். அவனுக்கு உள்ளே ஒன்றுமே நடக்காது. பட்டியலில் இல்லாதவனுக்கு எப்படி நடக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

சபையின் போதகர் பழைய பஸ் கண்டக்டர். அதைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவன் கேலி செய்வான்.

"ஏண்ணே, டிக்கெட் எல்லாம் முன்னாடியே கிழிச்சாச்சுன்னு உங்க கண்டக்டரே சொல்றாரு. அப்புறம் எதுக்கு வாராவாரம் பஸ்ஸ நிறுத்தி ஏறு ஏறுன்னு கத்துறாரு?"

"வாய மூடுடா."

"இல்ல, ஒரு சந்தேகம். என் பேர் இருந்தா நான் எவ்வளவு குடிச்சாலும் ஏத்திருவாங்க. இல்லன்னா நான் உன்ன மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்தாலும் ஏத்த மாட்டாங்க. அப்ப குடிக்கறதுதான லாபம்?"

பதில் தெரியாது என்பதைவிட, தம்பி கேட்டது தன் கேள்விதான் என்பது பெரியவனைப் பயமுறுத்தும்.

அந்தச் சனிக்கிழமை பத்தரை மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஆபரேஷன் தியேட்டருக்கு விரிப்பு இல்லை. பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் ஒப்பந்தத்தை மறந்துவிடுங்கள் என்றார்கள். பெரியவன் குகைக்கு ஓடினான். சுவிட்சில் நான்காம் எண் பூட்டுத் தொங்கியது. வாயில் தலையை விட்டுப் பார்த்தான். முதல் அறை காலி. கொக்கி மட்டும் கிடந்தது.

வாசல் காவலாளிக்குப் போன் போட்டான். "சின்னவரா? டீ குடிக்க வெளிய போனாரு சார்."

மறுபடியும். அதே வேலை. பூட்டை மாட்டிவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டான். பெரியவனுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. சுத்தப் பக்கம் சுற்றிப் போய் வால் வழியாகப் பார்த்திருக்கலாம். அங்கி கழற்றி, செருப்பு மாற்றி, சோப்புப் போட்டு, அதற்கே பத்து நிமிடம். வாயருகே நின்று "டேய்!" என்று ஒரே ஒரு தடவை கத்தினான். அதுவும் பதிலுக்காக இல்லை, எரிச்சலுக்காக. பத்து எண்ணவில்லை. இரண்டுகூட எண்ணவில்லை.

வளையத்தை எடுத்தான். துணியைப் பிரித்தான். நான்காம் சாவி. பூட்டுத் திறந்தது. சுவிட்சை மேலே தூக்கினான். விளக்கு எரிந்தது. பச்சைப் பட்டனில் விரலை வைத்தான்.

அழுத்தினான்.

அழுத்தியதாகத்தான் அவனுக்கு நினைவு. விரல் நுனியில் பட்டனின் குளிர்ச்சி, மணிக்கட்டில் ஒரு பாரம். ஆனால் குகை சுழலவில்லை. எத்தனை விநாடி அப்படி நின்றானென்று தெரியாது. இரண்டாம் அறை ஓட்டையிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. முடியெல்லாம் வெள்ளை நூல்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

சின்னவன். தூசி தொண்டையில் ஏறி இருமத் தொடங்கினான். அவன் குனிந்து இருமிய நேரத்தில் பெரியவன் சுவிட்சை இறக்கி, பூட்டை மாட்டி, அழுத்தி மூடினான். வளையம் பைக்குள் போனது.

"டீ குடிச்சிட்டு வால் வழியா வந்தேன்ணே. மூணாவது ரூம்ல லேசா கண்ணசந்துட்டேன். உள்ள கதகதன்னு இருக்கு, அம்மா வயித்துல இருக்கற மாதிரி. நீ கூப்ட்டியா?"

"கூப்பிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. தானாத்தான் முழிப்பு வந்துச்சு."

பதினொன்றேகாலுக்குச் சின்னவன் வேலையை முடித்து, தன் சாவியால் தன் பூட்டை எடுத்தான். பெரியவன் மூன்று தடவை கூப்பிட்டான், காலியான குகையை. பச்சைப் பட்டனைத் தொட்டான். தொட்ட மாத்திரத்தில் குகை உறுமிச் சுழன்றது. பட்டனில் ஒரு கோளாறும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டன் கெட்டுப்போயிருந்தால் நிம்மதி. கெடவில்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று. அவன் அழுத்தவே இல்லை, கை தானாக நின்றுவிட்டது. அல்லது அவன் அழுத்தினான், வேறு ஏதோ ஒன்று குகையைப் பிடித்து நிறுத்தியது. முதலாவது என்றால், நிறுத்திய அந்தக் கை யாருடையது? அவன் அப்படி எதுவும் முடிவு செய்யவில்லையே. இரண்டாவது என்றால், நிறுத்தியவர் தம்பிக்காக நிறுத்தினார். பட்டியலில் இருப்பவன் தம்பி. இவன் அழுத்த மட்டும் வைக்கப்பட்டிருந்த விரல்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் மடிப்பு அக்கா அவனுக்காகக் காத்திருந்தாள். சுத்தப் பக்கத்தில் விரிப்பு மடிக்கிறவள். இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி சுவரில் பதித்த சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே அவள் மேஜை.

"தம்பி, ஒரு நிமிஷம்." அக்கம்பக்கம் பார்த்தாள். "சனிக்கிழம நீங்க பூட்டக் கழட்டினத நான் பாத்தேன்."

அவன் கை பைக்குள் இருந்த வளையத்தைப் பொத்தியது.

"அதுக்கு முன்னாடி உங்க தம்பி வால் வழியா உள்ள போனதையும் நான்தான் பாத்தேன்."

"அக்கா... கண்ணாடியத் தட்டியிருக்கலாமே."

"தட்டணும்னுதான் நெனச்சேன். கை எழும்பல." அவள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "ஏன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல. மூட்ட தூக்கற கை இது. எழும்பல. ரெண்டு நாளா தொண்டையில ஒண்ணும் இறங்கல."

"நான் பட்டன அழுத்தினேனா?"

"உங்க முதுகுதான் தெரிஞ்சுது தம்பி. வெரலு தெரியல."

"ஞாபகப்படுத்திப் பாருங்க."

"உங்களுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரல் உடைந்தது. "நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க. நானும் சொல்லல. போகட்டும்."

போகவில்லை. அந்த வாரம் பெரியவன் தன் கையை நம்பவில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கப் பயம். கத்தியெடுத்து வெங்காயம் நறுக்கச் சொன்னால் நழுவினான். தொட்டது தான்தானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டான். படுக்கும்போது வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் தலையை வைத்துக்கொண்டான்.

"கைக்கு என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கைய எதுக்கு ஊரான் வீட்டுக் கை மாதிரி பாக்கறீங்க? டாக்டர்கிட்ட காமிங்க, இல்ல போதகர்கிட்ட காமிங்க. எங்கிட்ட காமிச்சு என்ன ஆகப் போகுது?"

புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனான். முப்பது வருடம் பஸ்ஸில் நின்ற கால்கள். வெந்நீர் வாளிக்குள் அவற்றை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஒருத்தன் ஒரு தப்புப் பண்ணப் போனான். பண்ணல. நிறுத்தினது யாரு?"

"கர்த்தர்."

"பண்ணப் போனது?"

"அவன்."

"இது என்ன நியாயம் ஐயா? நல்லதெல்லாம் அவர் பேர்ல, கெட்டதெல்லாம் நம்ம பேர்லயா?"

"ஆமா. இதுல உனக்கு என்ன நஷ்டம்?" போதகர் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "என்ன பண்ணின?"

சொன்னான். பெயரெல்லாம் சொல்லாமல், யாரோ ஒருவன் கதை போலத் தொடங்கி, பாதியில் "நான்" என்று வந்துவிட்டது. போதகர் காலை அசைக்காமல் கேட்டார்.

"அழுத்தினியா இல்லையான்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"அப்ப பூட்டக் கழட்டினது?"

"அது நான்தான். அதுல சந்தேகமில்ல."

"சந்தேகமில்லாதத விட்டுட்டு, சந்தேகமானதப் புடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்க."

"அது இல்ல ஐயா." பெரியவனின் குரல் கிறீச்சிட்டது. "நான் பட்டியல்ல இருக்கேனா? அதச் சொல்லுங்க. இல்லாதவன்னா, என்னால எதத்தான் நிறுத்த முடியும்? நாளைக்கு மறுபடியும் என் கை அதையே பண்ணும். பண்ணட்டும்னு ஏற்கெனவே எழுதியிருந்தா நான் என்ன செய்ய?"

போதகர் எழுந்தார். ஈரக் காலோடு போய் உள்ளறைக் கதவைச் சாத்தினார். மனைவிக்குக் கேட்கக் கூடாது என்பது தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் தெரியாதுப்பா. உன் பேரும் தெரியாது, என் பேரும் தெரியாது. டிக்கெட் இல்லாதவனக் கண்டுபிடிக்கறதுல நான் கில்லாடி. பஸ்ல ஏறின உடனே சொல்லிருவேன். கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்து மட்டும் சொல்ல முடியல. இருபது வருஷமாப் பாக்கறேன்."

பெரியவன் அவர் முகத்தைப் பார்த்தான். இந்த மனிதரும் பயந்துகொண்டுதான் மேடையில் நின்று கத்துகிறார்.

"அவர் கூப்பிட்டா உனக்குக் கேக்கும். அவ்வளவுதான் நான் நம்பறது" என்றார் போதகர்.

"கேக்கலன்னா?"

போதகர் வாளியைப் பார்த்தார். நீர் ஆறிப்போயிருந்தது.

சனிக்கிழமை வந்தது. வராமல் இருக்குமா? ஒன்பது மணிக்குச் சின்னவன் விசிலடித்துக்கொண்டு வந்து பூட்டை எடுத்தான். பெரியவனின் பைக்குள் வளையம் தொடையில் உரசியது. தூக்கிச் சாக்கடையில் போட்டிருக்கலாம். ஐந்து நாளாக அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தான். போடவில்லை. ஏன் போடவில்லை என்பதுதான் இன்னும் பெரிய பயம். தம்பி உள்ளே போவான், ஆஸ்பத்திரிக்காரன் கத்துவான், இந்தக் கை பைக்குள் நுழையும். படம் மாதிரித் தெரிந்தது.

"டேய், நில்லு."

"என்ன?"

வளையத்தை வெளியே எடுத்துத் துணியைப் பிரித்தான். தம்பியின் கையில் வைத்தான். வைக்கும்வரை வைப்பானென்று அவனுக்கே தெரியாது.

"ஏழு பூட்டுக்கும் ரெண்டாவது சாவி. போன வாரம் நீ உள்ள இருந்தப்ப நான் உன் பூட்டக் கழட்டினேன். சுவிட்சப் போட்டேன். பட்டன்ல கை வெச்சேன். நீ டீ குடிக்கப் போயிட்டேன்னு நெனச்சேன்."

சின்னவன் சிரித்தான். அண்ணன் முதல் தடவையாக ஒரு ஜோக் சொல்கிறான் என்று நினைத்தான் போலிருக்கிறது. சிரிப்பு பாதியிலே அறுந்தது. வளையத்துச் சாவிகளைத் தன் சாவியோடு வைத்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தான். பூட்டில் விட்டுத் திருப்பினான். திறந்தது. மறுபடி மூடினான். மறுபடி திறந்தான்.

"மூணு தடவ கூப்பிட்டியா?"

"ஒரு தடவ."

"ஒரு தடவ." சின்னவன் தலையாட்டினான். "அப்புறம் ஏன் அழுத்தல?"

"தெரியல. அழுத்தினேனான்னே தெரியல."

"தெரியலன்னா என்னடா அர்த்தம்?" வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனை 'டா' போட்டான். இருவருக்கும் அது தெரிந்தது. யாரும் திருத்தவில்லை. "நூல் சுரண்டற இடத்துல என்னயும் சேத்துச் சுரண்டி எடுத்திருப்பாங்க. அண்ணிகிட்ட என்ன சொல்லியிருப்ப? கர்த்தர் சித்தம்னா?"

பெரியவன் அதைத்தான் சொல்லியிருப்பான். அவனுக்கே தெரிந்தது.

சின்னவன் கொக்கியை எடுத்து அண்ணனின் காலடியில் போட்டான். "நான் இனிமே உள்ள போக மாட்டேன். பன்னெண்டுக்குள்ள முடியணும்ல? நீ போ."

பெரியவன் தன் பூட்டை, முதல் எண்ணை, சுவிட்சில் மாட்டினான். சாவியைப் பையில் போட்டான். அதன் இரண்டாவது சாவி தம்பியின் உள்ளங்கையில் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"போ" என்றான் சின்னவன்.

வாய் வழியாக நுழைந்தான். முதல் அறையில் வெளிச்சம் இருந்தது. இரண்டாம் அறையில் துளைகள் வழியாகக் கடுகு கடுகாக வெளிச்சம். மூன்றாம் அறை இருட்டு. வால் பக்கத்து மூடியை யாரோ சாத்தியிருந்தார்கள். தம்பி சொன்ன மாதிரியே கதகதப்பு. பெரியவனுக்கு அம்மா நினைவு வரவில்லை, அடுப்பு நினைவு வந்தது. முழங்காலில் நின்று சுரண்டினான். நூல் கற்றை, ஒரு கொண்டை ஊசி, பெயர் அழிந்த நோயாளிக் கைப்பட்டை, யாருடையதோ ஒற்றைப் பல். வியர்வை கண்ணில் இறங்கியது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு. இருபதடி குழாய் வழியாக வந்ததால் காதருகே கேட்ட மாதிரி. சாவி ஒவ்வொன்றாகப் பூட்டில் நுழைகிறது. இது இல்லை. இது இல்லை. இது.

க்ளிக்.

பிறகு சுவிட்ச் மேலே ஏறும் சத்தம். அதை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான், வெளியிலிருந்து. உள்ளிருந்து கேட்டால் அது ஒரு பெரிய பிராணி வாயை மூடுகிற சத்தம். காலுக்கடியில் இரும்பு லேசாக அதிர்ந்தது. மின்சாரம் வந்துவிட்டது.

"அண்ணே!"

தம்பியின் குரல். ஒன்று.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

பேசாமல் இரு.

பட்டியலில் இருக்கிறாயென்றால் இது சுழலாது. போன வாரம் அவனுக்குச் சுழலாமல் நின்ற மாதிரி உனக்கும் நிற்கும். இல்லையென்றால் சுழலும். முப்பத்தைந்து வருடக் கேள்விக்கு முப்பது விநாடியில் பதில். நீ செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா கிட. தேர்ந்தெடுப்பது உன் வேலை இல்லையென்றுதானே கற்றுக்கொடுத்தார்கள்?

அவன் தனக்குள் எண்ணினான். நான்கு. ஐந்து. வெளியே தம்பி எண்ணுவது கேட்கவில்லை. எண்ணுகிறானா என்பதே தெரியவில்லை.

"அண்ணே!" இரண்டு. இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை, கோபமும் இல்லை. "டேய் அண்ணே, இருக்கியா?"

இருக்கிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பெரியவன் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக்கொண்டு கிடந்தான். பயம் இப்போது சாவைப் பற்றியது மட்டும் இல்லை. சுழலாமல் போய்விட்டால்? பதில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு எதைக் கொண்டு வாழ்வது? சுழன்றால்? அப்போதும் பதில்தான். இரண்டு பக்கமும் பதில். நடுவில் அவன்.

எட்டு. ஒன்பது.

மூன்றாவது குரல் உடனே வரவில்லை. அந்த இடைவெளியில் அவன் ஒரு விரலைப் பார்த்தான். இருட்டில், கண்ணுக்குள். பச்சைப் பட்டன் மேல் வைத்த விரல். அவனுடையதில்லை. நகத்துக்குள் நூல் அடைந்த, சின்னவனின் விரல். ஒரு வாரமாக அவன் தூக்கித் திரிந்த கையை இனி ஆயுளுக்கும் இன்னொருவன் தூக்கித் திரிய வேண்டும். அழுத்தினேனா, இல்லையா என்று. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

"அண்ணே..."

மூன்று. இது கூப்பிட்ட மாதிரி இல்லை. கெஞ்சிய மாதிரி இருந்தது.

"இருக்கேன்டா!"

குகை முழுக்க அந்தச் சத்தம் மோதித் திரும்பி வந்தது. இருக்கேன்டா, கேன்டா, டா. தன் குரல்தானா என்று அவனே திடுக்கிட்டான். எப்போது வாயைத் திறந்தான், எப்போது முடிவு செய்தான், ஒன்றும் தெரியவில்லை. தொண்டை எரிந்தது. எரிந்தது தன் தொண்டை. அதுவரைக்கும் தெரிந்தது.

வெளியே சுவிட்ச் கீழே இறங்கியது. க்ளிக் என்று பூட்டு மூடியது. வாய் வழியாக ஏதோ ஒன்று உருண்டு வந்து முதல் அறை இரும்பில் மோதி நின்றது. சாவிகள்.

"மொத தடவையே பதில் சொல்லித் தொலைய மாட்டியா?" சின்னவன் கத்தினான். குரல் நடுங்கியது. மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினான். "கை வேர்த்து ஊத்துது எனக்கு! மிரட்டத்தான் செஞ்சேன், தெரியும்ல? மிரட்டத்தான்!"

"தெரியும்" என்றான் பெரியவன். தெரியாது. தம்பிக்கும் தெரிந்திருக்காது.

"மூலையில நல்லா சுரண்டு. அங்கதான் நூல் பிடிக்கும்."

அவன் இருட்டில் கொக்கியைத் துழாவினான். கையில் அகப்பட்டது. பிடித்தான். விரல்கள் மூலையைச் சுரண்டத் தொடங்கின.